மணி அடித்த பிறகு பள்ளிக்கூடம் யாருக்கு?

சிறுவர் சங்கத்தால் அமெரிக்காவில் எழுந்த வழக்கு

பிற்பகல் மணி 2-56. பள்ளிக்கூட மணி கணகணவென்று அடிக்கிறது.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், மில்போர்டு என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊர் அரசாங்கப் பள்ளிக்கூடம் விடும் நேரம் அது. குழந்தைகள் புத்தகப் பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஆனால் சில குழந்தைகள் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. அதே கட்டிடத்தில் உள்ள வேறொரு அறைக்குப் போகிறார்கள். அவர்களில் ஆறு வயதுக் குழந்தையும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் உண்டு.

மணி மூன்று. அறையில் ஓர் அம்மையார் நிற்கிறார். அவர் அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியை அல்ல. பாதிரியார் ஒருவரின் மனைவி. கையில் உள்ள பட்டியலைப் பார்த்துக் குழந்தைகளின் பெயர்களைக் கூப்பிடுகிறார். பெயர் கூப்பிட்டதும் குழந்தை எழுந்து பைபிள் வசனம் ஒன்றை ஒப்பிக்கிறது. ஒப்பித்த குழந்தைக்குத் தின்பண்டம் கிடைக்கிறது!

பிறகு பாட்டு. பிறகு விளையாட்டு. அந்த விளையாட்டிலும் பைபிள் வசனம் வரும். அடுத்தபடி பைபிளிலிருந்து ஒரு கதை. அந்தக் கதையின்படி நாம் எப்படி நடக்கவேண்டும் என்று அம்மையார் விளக்குவார். கடைசியில் ஜெபம். வீட்டுக்குப் போகும்போது மறுபடியும் தின்பண்டம். அடுத்த வாரத்துக்கு மனப்பாடம் செய்ய ஒரு வசனம்.

1997-ம் ஆண்டு ஏப்ரல் முதல் 1998-ம் ஆண்டு கோடை வரை வாரந்தோறும் இப்படி நடந்தது. இதில் என்ன தப்பு என்று சிலர் கேட்டார்கள். இதை அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் எப்படி நடத்தலாம் என்று வேறு சிலர் கேட்டார்கள். கேள்வி கோர்ட்டுக்குப் போனது. ஒரு கோர்ட்டு, இரண்டு கோர்ட்டு என்று ஏறி, கடைசியில் நாட்டின் சுப்ரீம் கோர்ட்டுக்கே போய்விட்டது.

அந்த வழக்கு 2001-ம் ஆண்டில் முடிந்தது. ஆனால் அது கிளப்பிய கேள்வி இன்னும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம்

குழந்தைகளை வாரத்தில் ஒருநாள் கூட்டி வைத்து மதத்தைப் போதிப்பது புதிய பழக்கம் அல்ல.

இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்பவர் பத்திரிகை நடத்தி வந்தார். அந்தக் காலத்தில் ஏழை வீட்டுக் குழந்தைகள் வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஓய்வு. அன்று தெருவில் சண்டையும் கூச்சலுமாகத் திரிவார்கள். இதைப் பார்த்த ரெய்க்ஸ், 1780-ம் ஆண்டில் அந்தக் குழந்தைகளுக்காக ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம் தொடங்கினார்.

அங்கே பைபிள் மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். வேறு பள்ளிக்கூடத்தையே பார்த்திராத குழந்தைகள் அங்கேதான் முதன்முதலாக எழுத்தைக் கண்டார்கள். அந்தப் பழக்கம் இங்கிலாந்து முழுவதும் பரவியது. கடல் கடந்து அமெரிக்காவுக்கும் போனது.

பிற்காலத்தில் எல்லாக் குழந்தைகளும் படிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வேலையை அரசாங்கப் பள்ளிக்கூடம் எடுத்துக் கொண்டது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு மதம் மட்டும் மிச்சமாக நின்றது.

இதிலே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும் இடம் கிறிஸ்தவ ஆலயம். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் அந்த மதத்தைச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள். அம்மாவும் அப்பாவும் ஆலயத்துக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போவார்கள். அதில் யாருக்கும் சண்டை இல்லை.

ஆலயத்துக்கு வராத குழந்தைகளை என்ன செய்வது? இந்தக் கேள்வியிலிருந்துதான் புதிய வகைச் சங்கம் பிறந்தது.

"நீ சின்னப் பையன்!"

ஜெஸ்ஸி இர்வின் ஓவர்ஹோல்ட்சர் என்பவர் அமெரிக்கப் பாதிரியார். சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கடவுளைப் பற்றி ஏதோ ஏக்கம் வந்தது. தாயாரிடம் போய்ச் சொன்னார். அதற்கெல்லாம் நீ மிகவும் சின்னவன் என்று தாயார் சொல்லிவிட்டார்.

அந்தச் சொல் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. வாலிபரான பிறகு, இங்கிலாந்தில் பேர்பெற்ற ஸ்பர்ஜன் என்ற பாதிரியாரின் பிரசங்கத்தைப் படித்தார். ஐந்து வயதுக் குழந்தைக்கும் சரியாகச் சொல்லிக் கொடுத்தால் பெரியவர்களைப் போலவே விசுவாசம் வரும் என்று அதில் இருந்தது.

ஓவர்ஹோல்ட்சர் 1937-ம் ஆண்டில் "சைல்டு எவாஞ்சலிசம் பெல்லோஷிப்" என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். குழந்தைகளுக்கு ஏசுநாதரைப் பற்றிச் சொல்வதே அதன் வேலை. அந்த ஸ்தாபனம் நடத்தும் வாராந்திரச் சிறுவர் சங்கத்துக்கு "குட் நியூஸ் கிளப்" என்று பெயர். தமிழில் சொன்னால் நற்செய்திச் சங்கம்.

ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தைகள் இதில் சேரலாம். அந்தந்த ஊர் ஆலயத்தைச் சேர்ந்தவர்கள் சம்பளம் வாங்காமல் வந்து நடத்துகிறார்கள். எழுத்தே இல்லாத ஒரு சிறு புத்தகத்தையும் அவர்கள் கையாளுகிறார்கள். பக்கத்துக்கு ஒரு நிறம். கறுப்புப் பக்கம் பாவத்தைக் குறிக்கும். சிவப்பு, ஏசுநாதரின் ரத்தம். வெள்ளை, தூய்மை. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் நிறத்தைக் காட்டியே விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் பழமொழி. அந்தப் பழமொழியின் பொருளை இவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தை நாடியது ஏன்?

காரணம் எளிது. குழந்தைகள் இருக்கும் இடம் அதுதான்.

ஆலயத்தில் சங்கம் நடத்தினால், குழந்தையை யாராவது கூட்டிவந்து விட்டு, பிறகு அழைத்துப் போக வேண்டும். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீட்டில் அதற்கு ஆள் ஏது? பள்ளிக்கூடத்திலேயே நடத்தினால் அந்தத் தொல்லை இல்லை. பிள்ளை ஒரு வகுப்பிலிருந்து எழுந்து இன்னொரு அறைக்கு நடந்தால் போதும். பெற்றோருக்கும் ஒரு மணி நேரம் கவலை இல்லை.

ஆனால் பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் பள்ளிக்கூடம். எல்லா மதத்தாரும், எந்த மதமும் வேண்டாம் என்பவர்களும் கொடுக்கும் வரிப் பணத்தில் நடக்கிறது. அமெரிக்க அரசியல் சட்டமோ 1791-ம் ஆண்டிலேயே ஒரு திருத்தத்தின் மூலம் இரண்டு வேலி போட்டிருக்கிறது. அரசாங்கம் எந்த மதத்தையும் தன் மதமாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்பது ஒரு வேலி. ஒருவன் தன் மதப்படி நடப்பதையும், தன் கருத்தைப் பேசுவதையும் அரசாங்கம் தடுக்கக் கூடாது என்பது இன்னொரு வேலி.

முதல் வேலியைக் காட்டித்தான் 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. அரசாங்கம் எழுதிக் கொடுத்த பிரார்த்தனையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. மறு ஆண்டு, பாட வேளை தொடங்கும்போது பைபிள் வாசிக்கும் வழக்கத்தையும் கோர்ட்டு நிறுத்தியது.

இவையெல்லாம் பள்ளிக்கூடமே முன்நின்று நடத்திய காரியங்கள். பள்ளி விட்ட பிறகு, வெளியார் வந்து நடத்தினால்? இங்கேதான் இரண்டு வேலிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மில்போர்டு வழக்கு அந்த மோதல்தான்.

வழக்கு நடந்த விதம்

மில்போர்டு பள்ளி நிர்வாகம் 1992-ம் ஆண்டில் ஒரு விதி செய்தது. பள்ளி விட்ட பிறகு ஊர் ஜனங்கள் கட்டிடத்தைப் பயன்படுத்திக் கொள்ளலாம். கல்வி, கலை, கூட்டம், பொழுதுபோக்கு, ஊர் நன்மை ஆகிய எதற்கும் இடம் உண்டு. ஆனால் மதக் காரியங்களுக்கு மட்டும் இடம் இல்லை. சாரணர் சங்கங்கள் அங்கே கூடி வந்தன.

1996-ம் ஆண்டில் பாதிரியாரும் அவருடைய மனைவியும் நற்செய்திச் சங்கத்துக்கு இடம் கேட்டார்கள். நீங்கள் நடத்தப் போவது மத போதனைதான் என்று சொல்லி நிர்வாகம் மறுத்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

1997-ல் கோர்ட்டு தற்காலிக அனுமதி கொடுத்தது. அதன் பேரில்தான் சங்கம் பள்ளிக்கூடத்தில் கூடியது. 1998-ல் அதே கோர்ட்டு பள்ளி நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சங்கம் வெளியேற வேண்டியதாயிற்று. 2000-ம் ஆண்டில் அப்பீல் கோர்ட்டும் பள்ளி நிர்வாகம் செய்ததே சரி என்றது.

சங்கத்தார் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்கு ஏறினார்கள். 2001-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் சங்கத்தின் பக்கம். மூன்று பேர் பள்ளிக்கூடத்தின் பக்கம். சங்கம் ஜெயித்தது!

ஆறு பேர் சொன்ன நியாயம்

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிளாரென்ஸ் தாமஸ். அவர் சொன்ன நியாயத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்:

குழந்தைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கச் சாரணர் சங்கத்துக்கு இடம் கொடுக்கிறீர்கள். நற்செய்திச் சங்கமும் ஒழுக்கத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறது. ஆனால் மதத்தின் வழியாகச் சொல்லிக் கொடுக்கிறது. அந்த ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவைப்பது பாரபட்சம். கூட்டம் நடப்பது பள்ளி விட்ட பிறகு. நடத்துகிறவர்கள் பள்ளி ஆசிரியர்கள் அல்ல. பெற்றோரின் அனுமதி இல்லாமல் எந்தக் குழந்தையும் சேர முடியாது. அப்படியிருக்க, இதில் கட்டாயம் எங்கே இருக்கிறது?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பொதுச் சத்திரத்தில் எல்லோருக்கும் இடம் உண்டு, நெற்றியில் குறி உள்ளவனுக்கு மட்டும் இடம் இல்லை என்று சொல்ல முடியுமா?

மூன்று பேர் சொன்ன பதில்

எதிர்ப்பக்கம் நின்ற நீதிபதிகளில் ஒருவர் டேவிட் சூட்டர். அவர் கடிகாரத்தைக் காட்டினார்.

பள்ளி விடுவது 2-56 மணிக்கு. சங்கத்தின் போதனை தொடங்குவது 3 மணிக்கு. இடையில் நான்கே நிமிஷம்! சட்டத்தின் கட்டாயத்தால் பள்ளிக்கு வந்த குழந்தைகள் அப்போது கட்டிடத்தை விட்டுக் கிளம்பியிருக்க மாட்டார்கள். பள்ளிப் பாடமும் சங்கத்தின் பாடமும் ஒட்டினாற்போல் வருகின்றன. ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரியுமா?

இன்னொன்றையும் அவர் எடுத்துக் காட்டினார். சங்கத்தின் பாடப் புத்தகத்தில் குழந்தைகளை இரண்டு வகையாகப் பிரித்திருந்தார்கள். ரட்சிக்கப்பட்ட குழந்தை ஒரு வகை. ரட்சிக்கப்படாத குழந்தை மற்றொரு வகை. இரண்டாம் வகைக் குழந்தையை ஏசுநாதரை ஏற்கும்படி அழைக்க வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்லியிருந்தது. இது வெறும் ஒழுக்கப் பாடம் அல்ல, மதத்துக்கு ஆள் சேர்க்கும் வழிபாடு என்றார் சூட்டர்.

ஆறு பேரில் ஒருவரான நீதிபதி ஸ்டீபன் பிரேயரும் தனியாகச் சில வரிகள் எழுதினார். பள்ளிக்கூடமே இந்த மதத்தை ஆதரிக்கிறது என்று குழந்தை நினைக்குமா, நினைக்காதா? அந்தக் கேள்வி மிகவும் முக்கியம். அதற்கு இன்னும் முடிவான பதில் வரவில்லை என்பது அவர் கருத்து.

ஆக, ஜெயித்த பக்கத்திலேயே ஒரு நீதிபதிக்குச் சந்தேகம் இருந்தது.

வயது இறங்கிய கதை

இந்தத் தீர்ப்பு திடீரென்று வந்துவிடவில்லை. படிப்படியாக வந்தது.

1981-ல் ஒரு சர்வகலாசாலை வழக்கு. மற்ற மாணவர் சங்கங்களுக்கு இடம் கொடுத்தால், மாணவர்களின் மதச் சங்கத்துக்கும் சர்வகலாசாலை இடம் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அவர்கள் வாலிபர்கள்; சொந்த புத்தி உள்ளவர்கள்.

1984-ல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் அந்த உரிமையை அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டமாக்கியது. 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டம் செல்லும் என்றது. அந்த மாணவர்கள் சிறுவர்கள்தான். ஆனாலும் சங்கத்தை நடத்துவது மாணவர்களே.

1993-ல் இன்னொரு வழக்கு. குடும்ப வாழ்க்கையைப் பற்றிய கிறிஸ்தவப் படத்தைக் காட்ட, ஓர் ஆலயம் பள்ளிக்கூடக் கட்டிடத்தைக் கேட்டது. அதற்கும் கோர்ட்டு இடம் கொடுத்தது. அந்தக் கூட்டம் ஊர் ஜனங்களுக்காக நடக்கும் பொதுக் கூட்டம்.

2001-ல்தான் ஆறு வயதுக் குழந்தையின் முறை வந்தது. நடத்துகிறவர்கள் பெரியவர்கள். கேட்கிறவர்கள் பாலர்கள். விதி ஒன்றே, ஆனால் கேட்கிறவரின் வயது பதினெட்டிலிருந்து ஆறுக்கு இறங்கிவிட்டது. வழக்கின் உயிர்நாடி இதுதான்.

பெரியவன் ஒருவன் தெருவில் ஒரு பிரசங்கத்தைக் கேட்டால், பிடித்தால் நிற்பான், பிடிக்காவிட்டால் போய்விடுவான். குழந்தை அப்படி அல்ல. பள்ளிக்கூடத்தில் பெரியவர் ஒருவர் சொன்னால் அது உண்மை என்றே நம்பும். இரண்டும் இரண்டும் நான்கு என்று காலையில் சொன்னதும் அந்த இடம்தான். மாலையில் பாவத்தைப் பற்றிச் சொல்வதும் அந்த இடம்தான்.

ஆசிரியை கொடுத்த துண்டுக் காகிதம்

தீர்ப்புக்குப் பிறகு நற்செய்திச் சங்கங்கள் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் ஆயிரக்கணக்கில் பெருகின. வழக்குகளும் கூடவே வந்தன.

சங்கத்தில் சேரும்படி அழைக்கும் துண்டுக் காகிதத்தை யார் கொடுப்பது? விளையாட்டுச் சங்கம், சாரணர் சங்கம் ஆகியவற்றின் காகிதங்களை ஆசிரியர்களே பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புவது வழக்கம். அதேபோல் எங்கள் காகிதத்தையும் கொடுக்க வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். நியூஜெர்சி மாநில வழக்கு ஒன்றில், 2004-ம் ஆண்டில் அப்பீல் கோர்ட்டு சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதிய சாமுவேல் அலிட்டோ பிற்பாடு சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியானார்.

சட்டப்படி இதுவும் சரிதான். ஒருவர் காகிதத்தைக் கொடுத்தால் எல்லோர் காகிதத்தையும் கொடுக்க வேண்டும். ஆனால் தன் ஆசிரியையின் கையிலிருந்து காகிதத்தை வாங்கும் குழந்தை என்ன நினைக்கும்? டீச்சர் போகச் சொல்கிறார் என்றுதானே நினைக்கும்!

பெற்றோர் சிலர் வேறொரு குறையும் சொன்னார்கள். சங்கத்துக்குப் போகும் பிள்ளைகள், போகாத பிள்ளைகளைப் பார்த்து, நீ மோட்சத்துக்குப் போகமாட்டாய் என்கிறார்களாம். பெரியவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். பக்கத்து இடத்தில் உட்காரும் தோழி இப்படிச் சொன்னால், ஏழு வயதுக் குழந்தைக்கு இரவு தூக்கம் வருமா?

கேதரின் ஸ்டூவர்ட் என்ற பத்திரிகை எழுத்தாளர் கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா நகரில் வசித்தவர். அவருடைய பிள்ளை படித்த பள்ளியிலும் இந்தச் சங்கம் வந்தது. அவர் பல ஊர்களுக்குப் போய் விசாரித்து, சங்கத்தைக் கண்டித்து 2012-ல் ஒரு புத்தகம் எழுதினார்.

சங்கத்தார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் யாரையும் வற்புறுத்துவதில்லை, பெற்றோர் சம்மதத்தோடு அன்பைத்தான் போதிக்கிறோம் என்கிறார்கள். பிள்ளை பொய் சொல்லாமல் வளரவேண்டும், மூத்தோருக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று விரும்பி அனுப்பும் தாய்மார்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய விருப்பத்தையும் தள்ளிவிட முடியாது.

சாத்தான் வந்தான்!

2016-ம் ஆண்டில் யாரும் எதிர்பாராத ஒரு விருந்தாளி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அவர் பெயர் சாத்தான்!

"சாத்தானியக் கோவில்" என்ற பெயரில் அமெரிக்காவில் ஓர் அமைப்பு இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். சாத்தான் என்று ஒருவன் உண்மையில் இருப்பதாக இவர்கள் நம்புவதில்லை. அதிகாரத்தை எதிர்த்து நிற்பதற்கு அடையாளமாக அந்தப் பெயரை வைத்துக் கொண்டிருக்கிறார்கள். மதச் சங்கத்துக்கு இடம் கொடுத்த பள்ளிக்கூடங்களாகப் பார்த்து, "பள்ளி விட்ட பிறகு சாத்தான் சங்கம்" தொடங்க இவர்கள் இடம் கேட்டார்கள். தங்கள் சங்கத்தில் விஞ்ஞானமும் புதிரும் கைவேலையும் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

ஊர்களில் அமளி எழுந்தது. பெற்றோர் திரண்டு வந்து எதிர்த்தார்கள். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? மில்போர்டு தீர்ப்பு எந்தச் சங்கத்துக்குக் கதவைத் திறந்ததோ, அதே கதவு இவர்களுக்கும் திறந்தே இருக்கிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில் சாக்கன் வேலி என்ற இடத்துப் பள்ளி நிர்வாகம் 2023-ல் முதலில் அனுமதி கொடுத்தது. எதிர்ப்பும் மிரட்டலும் வரவே, அனுமதியை ரத்து செய்தது. சாத்தான் சங்கத்தார் வழக்குப் போட்டார்கள். இடம் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வழக்கு ராஜியில் முடிந்தது. வழக்குச் செலவுக்காகப் பள்ளி நிர்வாகம் கொடுக்க நேர்ந்த தொகை 2 லட்சம் டாலர்! குழந்தைகளின் படிப்புக்கு ஆகவேண்டிய பணம் அது.

இந்தச் சம்பவம் ஒரு பாடம் சொல்கிறது. பொதுக் கட்டிடத்தின் கதவை நமக்குப் பிடித்தவருக்கு மட்டும் திறக்க முடியாது. திறந்தால் எல்லோருக்கும் திறக்க வேண்டும். சாத்த வேண்டுமென்றால் எல்லோருக்கும் சாத்த வேண்டும். சாரணர் சங்கத்துக்கும் சேர்த்துத்தான்!

பாட வேளையிலேயே பைபிள்

இப்போது விவகாரம் இன்னும் ஒரு படி போய்விட்டது. பள்ளி விட்ட பிறகு அல்ல, பள்ளி நடக்கும்போதே பிள்ளைகளை மத வகுப்புக்கு அழைத்துப் போகிறார்கள்.

இதற்கும் பழைய சரித்திரம் உண்டு. 1914-ம் ஆண்டில் இண்டியானா மாநிலத்தில் கேரி என்ற ஊரில் இந்த வழக்கம் தொடங்கியது. 1948-ல், பாட வேளையில் பள்ளிக் கட்டிடத்துக்குள்ளேயே மத வகுப்பு நடத்தக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது. ஆனால் 1952-ல், பெற்றோர் சம்மதித்தால் பிள்ளைகள் கட்டிடத்துக்கு வெளியே போய் மத வகுப்பில் இருந்துவிட்டு வரலாம் என்றது. கட்டிடத்தின் சுவர்தான் எல்லை!

அந்த 1952-ம் ஆண்டுத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு, ஓஹையோ மாநிலத்தில் "லைப்வைஸ் அக்காடமி" என்ற ஸ்தாபனம் வளர்ந்திருக்கிறது. ஜோயல் பென்டன் என்ற பழைய கால்பந்து வீரர் தொடங்கியது இது. 2019-ம் ஆண்டில் பிள்ளைகளைப் பாட வேளையில் வெளியே அழைத்துப் போய் பைபிள் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது.

சில ஊர்களின் பள்ளி நிர்வாகங்களுக்கு இது பிடிக்கவில்லை. பழைய ஓஹையோ சட்டம் இதற்கு விதி செய்து கொள்"ளலாம்" என்றுதான் சொல்லியிருந்தது. 2025-ம் ஆண்டு ஜனவரியில் கவர்னர் மைக் டிவைன் கையெழுத்திட்ட புதிய சட்டம், விதி செய்ய "வேண்டும்" என்று ஆக்கிவிட்டது. ஒரு சொல் மாறியது. ஊர் நிர்வாகத்தின் கையில் இருந்த முடிவு மாநிலத்தின் கைக்குப் போய்விட்டது.

யார் சொல்வது சரி?

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சண்டை தீரவில்லை.

தன் பிள்ளைக்குத் தன் மதத்தைச் சொல்லிக் கொடுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அந்த மதத்தார் பொதுக் கட்டிடத்தைக் கேட்கும்போது, நீங்கள் மட்டும் ஆகாதவர்கள் என்று அரசாங்கம் சொல்வது முறையல்ல. இது ஒரு பக்கம்.

வேறு மதத்தைச் சேர்ந்த பிள்ளைக்கும், மதமே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பள்ளிக்கூடம் சொந்தம். தோழர்கள் எல்லாம் பாட்டுக்கும் தின்பண்டத்துக்கும் போகும்போது, தான் மட்டும் தனியாக நிற்கும்படி அந்தப் பிள்ளைக்கு நேரக் கூடாது. இது மறு பக்கம்.

சுப்ரீம் கோர்ட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. பள்ளி விட்ட பிறகு உள்ளே யார் வரலாம்? எல்லோரும் வரலாம். ஆனால் வந்தவர் யார் என்பது குழந்தைக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு எந்தக் கோர்ட்டும் பதில் சொல்ல முடியாது. ஐந்தில் வளையும் என்பதால்தான் சங்கத்தார் குழந்தைகளை நாடுகிறார்கள். அதே ஐந்தில் வளையும் என்பதால்தான் மற்றவர்கள் பயப்படுகிறார்கள். இருவருக்கும் பழமொழி ஒன்றே!

குழந்தையால் பிரித்தறிய முடியாது என்றால், பிரித்துக் காட்ட வேண்டியவர்கள் பெரியவர்கள். பள்ளி விடும் மணிக்கும் சங்கத்தின் மணிக்கும் நடுவே நான்கு நிமிஷம் போதாது. பிள்ளைகள் கலைந்து போகும் அளவுக்கு இடைவெளி விடலாம். சங்கத்துக் காகிதத்தில், இது பள்ளிக்கூடம் நடத்தும் சங்கம் அல்ல என்று பெரிய எழுத்தில் அச்சிடலாம். காலையில் வகுப்பு நடத்தும் ஆசிரியர் மாலையில் சங்கத்தை நடத்தாமல் ஒதுங்கி நிற்கலாம். சேராத பிள்ளையைச் சேர்ந்த பிள்ளை கேலி செய்யாதபடி சங்கத்தாரே பார்த்துக் கொள்ளலாம். நல்ல பெயர் வேண்டுமென்றால் முதலில் அவர்கள் செய்ய வேண்டியது அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோர் இருக்கிறார்கள். சுப்ரீம் கோர்ட்டு சங்கத்துக்குக் கதவைத் திறந்தபோது எதை நம்பித் திறந்தது? பெற்றோரின் அனுமதியை நம்பித்தான்! தாயோ தந்தையோ போடும் ஒரு கையெழுத்தின் மேல் அந்தத் தீர்ப்பு நிற்கிறது.

சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வருகிறது. புத்தகப் பைக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது. பாட்டு உண்டு, விளையாட்டு உண்டு, தின்பண்டம் உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. கீழே ஒரு கோடு. கையெழுத்துப் போட வேண்டிய இடம். அடுப்பில் சமையல் ஆகிக் கொண்டிருக்கிறது. வேலை முடிந்து வந்த தாய்க்குக் களைப்பு. படித்துப் பாராமல் போட்டுவிடலாம். படித்துப் பார்த்து, நடத்துகிறவர் யார், என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறார் என்று விசாரித்தும் போடலாம். வேண்டாம் என்று மடித்தும் வைத்துவிடலாம்.

போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம். படித்துப் பார்ப்பது மட்டும் பெற்றவர்களின் கடமை.